4,800 ரூபாய் போய்விட்டது: பெர்மிஷன் எரரை "சரிசெய்ய" வருபவர்களிடம் ஜாக்கிரதை

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கோளாறுக்கு டெக்னீஷியனைப் பிடித்துத் தருகிற ஆப் ஒன்று. பெயர் வேண்டாம், இந்த மாதிரி ஆப் இப்போது நிறைய இருக்கிறது. அதில் 4,800 ரூபாய் கட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பை நாசமாக்கி வாங்கியிருக்கிறேன். இந்தப் பிரச்சினை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் உபுண்டு 22.04, லினக்ஸ் வகை ஓஎஸ். வெப்சைட் வேலைக்காக என்பிஎம் (ஜாவாஸ்க்ரிப்ட் டூல்களை இறக்கித் தரும் புரோகிராம்) வழியாக ஒரு டூலை இன்ஸ்டால் செய்தபோது, யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் சிம்லிங்க் (வேறிடத்தில் இருக்கும் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட முடியவில்லை, 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றுவிட்டது. கிளையன்ட்டுக்கு அன்றைக்கே வேலையைக் காட்ட வேண்டும். ஆப்பில் பார்த்தால், லினக்ஸ் நிபுணர், சரிபார்க்கப்பட்டவர், நட்சத்திரம் வேறு குறைவில்லாமல். பணத்தை முன்னாலேயே கட்டிவிட வேண்டும். 'வேலை முடிந்தது' என்று நாம் அழுத்திய பிறகுதான் அது அவர் கைக்குப் போகுமாம்.

ரிமோட்டில் வந்தார். பேச்சு அவ்வளவு பதவிசு. சிவப்பாக வந்திருந்த எரர் வரியை மவுஸால் வட்டமிட்டுக் காட்டி, "இதுதான் மேடம் பிரச்சினை, ரெண்டு நிமிஷம்" என்றார். அட்மின் அதிகாரத்தில் கமாண்டை ஓட்டும் சுடோ, ஸ்க்ரீனில் பாஸ்வேர்ட் கேட்டு நின்றபோது, "நீங்களே டைப் பண்ணுங்க மேடம். ஸ்க்ரீன்ல எழுத்து எதுவும் தெரியாது, பயப்படாதீங்க. நான் மவுஸைத் தொட மாட்டேன்" என்று சொல்லிக் காத்திருந்தார். அந்த ஒரு மரியாதையில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பாஸ்வேர்டைக்கூடக் கேட்காத மனிதர் என்ன கெடுதல் செய்துவிடப் போகிறார்?

ஏதோ ஒரு கமாண்ட் போட்டார். கொஞ்ச நேரம் ஓடியது. உடனே ஸ்க்ரீனைத் துடைத்துவிட்டு இன்ஸ்டாலை மறுபடி ஓட்டினார், லிங்க் உருவாகிவிட்டது. "பெர்மிஷன் எல்லாம் ஃபுல்லா ஓப்பன் பண்ணிட்டேன் மேடம், இனிமே எரரே வராது. 'முடிந்தது' அழுத்திடுங்க, எனக்கு அடுத்த கால் இருக்கு." அழுத்தினேன். 4,800 ரூபாய் அந்த நொடியே போய்விட்டது.

மறுநாள் வேறொன்றுக்கு சுடோ போட்டால், 'சுடோ கோப்பில் செட்யூஐடி பிட் இருக்க வேண்டும்' என்று சொல்லி ஓடவே மறுக்கிறது. யார் ஓட்டினாலும் புரோகிராமை அதன் சொந்தக்காரரின் அதிகாரத்தில் ஓட வைக்கும் அடையாளம்தான் அந்தப் பிட், சுடோவுக்குச் சொந்தக்காரர் அட்மின். அப்டேட் போகவில்லை. பாஸ்வேர்ட் கேட்கும் எதுவுமே வேலை செய்யவில்லை.

கம்பெனி ஒன்றில் சர்வர் பார்க்கும் என் சித்தப்பா மகன் வந்து, போட்ட கமாண்டெல்லாம் பதிவாகும் பேஷ் ஹிஸ்டரியைத் திறந்தான். ஸ்க்ரீனைத் துடைத்தாலும் அதில் வரி அப்படியே இருந்தது: யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுக்க, உள்ளே இருப்பது அத்தனைக்கும், சிஎச்மாட் 777. அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று அனுமதியை மாற்றும் கமாண்ட். "அக்கா, ஒரு பூட்டு திறக்கலைன்னு வீட்டுல இருக்கிற எல்லாக் கதவையும் கழட்டிப் போட்டிருக்கான்" என்றான். 777 என்று எண்ணில் கொடுத்தால் கோப்புகளின் செட்யூஐடி பிட் அழிந்துவிடும், சுடோவுக்கு உயிரே அதுதான். ரெகவரி மோடில் போய் சுடோவை மட்டும் மீட்கலாம். ஆனால் மற்ற ஆயிரக்கணக்கான கோப்புகளின் பழைய அனுமதி எதுவென்று யாருக்குத் தெரியும்? கடைசியில் பென்டிரைவில் பூட் செய்து, என் ஃபைல்களை எடுத்து வைத்துக்கொண்டு, உபுண்டுவையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

டெக்னீஷியனைக் கூப்பிட்டால், "நான் பார்த்தப்போ ஒர்க் ஆச்சே மேடம், ஓஎஸ் கரப்ட் ஆகியிருக்கும். ஃபார்மட்டுக்குத் தனியா புக் பண்ணுங்க." அப்புறம் போனே எடுக்கவில்லை. ஆப்பின் கஸ்டமர் கேர் அதைவிட மோசம். முதலில் தானியங்கி பதில், 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்.' பிறகு ஒரு பெண் பேசினார். வாரன்டி அதே கோளாறு திரும்ப வந்தால் மட்டும்தானாம். "சிம்லிங்க் எரர் திரும்ப வரலைதானே மேடம்?" என்று என்னையே கேட்கிறார்! 'முடிந்தது' என்று நானே அழுத்திவிட்டதால் 4,800 ரூபாயைத் திருப்பித் தர வழியில்லை என்று வைத்துவிட்டார். லேப்டாப்பை உடைத்ததற்கு 4,800 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி பில் வேறு.

என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதுவதாகச் சொன்னேன், விரிவாக எழுத இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

சிம்லிங்க் போட, அது உட்காரும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி வேண்டும். லிங்க்கின் அனுமதி லினக்ஸில் எப்போதும் 777 என்றுதான் தெரியும், அதைப் பார்த்துப் பயனில்லை. என்பிஎம் என்றால் அதன் பிரிஃபிக்ஸை (டூல்களை இன்ஸ்டால் செய்யும் இடத்தை) உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் மாற்றி, உள்ளே இருக்கும் பின் ஃபோல்டரைப் பாத்தில் (கமாண்டுகளை சிஸ்டம் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில்) சேருங்கள், இல்லை நோடையும் என்பிஎம்மையும் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே போட்டுத் தரும் என்விஎம் போடுங்கள். சுடோவே தேவைப்படாது. விண்டோஸ் 10, 11-இல் இதே பிரச்சினை வந்தால் முதலில் டெவலப்பர் மோடை ஆன் செய்து பாருங்கள்.

எவராவது சிஎச்மாட் 777 என்று டைப் செய்ய ஆரம்பித்தால், அந்த நிமிஷமே ரிமோட்டைத் துண்டியுங்கள்.

ரீஸ்டார்ட் செய்து, சுடோ ஓடுகிறதா என்று பார்க்காமல் 'முடிந்தது' அழுத்தாதீர்கள். அடுத்த கால் இருக்கிறது என்று அவசரப்படுத்தினால் இருக்கட்டும், காத்திருக்கச் சொல்லுங்கள்.

பில், சாட், பேஷ் ஹிஸ்டரி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் அதை வைத்துத்தான் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 4,800 ரூபாயை விடப் போவதில்லை.