ஓ.எல். பிள்ளைக்கு இங்கிலீஷ் திருத்தும் செயலி: வினைச்சொல்லில் கைவிடுகிறது

இங்கிலீஷ் திருத்தும் செயலியின் சந்தா குறைந்திருக்கிறதே, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கலாமா என்று ஹட்டன் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். எழுத்துப்பிழை, கமா எல்லாம் பிரமாதமாகத் திருத்தும். நீண்ட நாள் பாவித்தும் ஆறாத எரிச்சல் ஒன்றுதான்: நடுவழியில் காலம் மாறும் வினைகள்.

நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். ‘எழும்பி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து மலைக்குப் போனார்கள்’ என்பதில் காலம் காட்டுவது கடைசி வினை மட்டுமே. அதே பழக்கத்தில் ‘தே கெட் அப், வோஷ் தெயர் ஃபேசஸ், ட்ரிங்க் டீ அண்ட் வென்ட் டு வேர்க்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலீஷில் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும்: கொட், வோஷ்ட், ட்ராங்க், வென்ட்.

ஒரே வசனத்துக்குள் என்றால் செயலி பெரும்பாலும் பிடித்துவிடும். ‘ஷீ லைக்ஸ் ரீடிங், சிங்கிங் அண்ட் டு குக்’ என்றால் ‘குக்கிங்’ என்று உடனே காட்டும். முற்றுப்புள்ளி விழுந்ததோ, போச்சு. ‘யெஸ்டர்டே த வேர்க்கர்ஸ் ப்ளக்ட் லீவ்ஸ் டில் ஃபோர். தென் தே வெய் தெம்.’ இரண்டாவது வசனம் தனியாகப் பார்த்தால் சரி. எழுவாய் பன்மை, ஆகவே ‘எஸ்’ விடுபட்ட தடயமும் இல்லை. ‘வெய்ட்’ என்று வர வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட விழாது.

சரியானதைக் கெடுப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘த டீச்சர் செட் தட் வோட்டர் பொயில்ஸ் எட் அபவுட் 94 டிகிரீஸ் இன் நுவரெலியா.’ 1,868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதிப்பது என்றைக்கும் உண்மை. நிகழ்காலம் தாராளமாக நிற்கலாம். செயலியோ ‘பொயில்ட்’ ஆக்கச் சொல்கிறது. பிள்ளை நம்பி அமத்திவிடும்.

இதைவிட ஒரு பென்சில் மேல். எழுதி முடித்ததும் எல்லா வினைக்கும் கீழ்க்கோடு போடட்டும். ‘டு’, ‘கேன்’, ‘டிட்’ ஆகியவற்றின் பின்னால் வருபவை காலம் ஏற்காது; அவற்றை வட்டமிட்டு ஒதுக்கலாம். முதல் வினையின் காலத்தை ஓரத்தில் குறித்துக்கொண்டு, மிச்சத்தை அதோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ‘தென்’, ‘அண்ட்’, ‘பட்’ ஆகியவற்றுக்குப் பின்னால் இரண்டு தரம் பார்க்க வேண்டும், வழுக்குவது அங்கேதான். ‘புட்’, ‘கட்’ போன்றவை இறந்தகாலத்திலும் மாறாதவை, அவற்றை விட்டுவிடலாம்.

வேலை விண்ணப்பம் எழுதுபவர்களுக்குச் செயலி நல்லது, எடுங்கள். ஓ.எல். பிள்ளைக்கு, சந்தா பாதியானாலும் வேண்டாம். பரீட்சை மண்டபத்துக்குள் ஃபோன் போகாது, பென்சில் போகும்.