ஸ்பீடு ஃபைனை ‘ரத்து செய்து தருகிறோம்’ என்பவர்களிடம் போகாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகமாகப் போனது நான்தான். 60 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 78ல் போயிருக்கிறேன். கேமரா பொய் சொல்லவில்லை. ஆனால் அங்கே வரம்பு 80 என்று மனதார நம்பித்தான் ஓட்டினேன். அந்த உண்மையை நானே பத்து வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். அதை விட்டுவிட்டு ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தேன். அபராதத்தில் பாதியளவு தொகை அவருக்குக் கட்டணமாகப் போனது. கெடு தாண்டியதால் அபராதம் இரண்டு மடங்கானது. என் பக்கம் இருந்த நல்ல ஆதாரமும் கைவிட்டுப் போனது. இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பிரதான சாலையில் வரம்பு 80. நடுவில் பள்ளிக்கூடமும் வீடுகளும் வருகிற கொஞ்ச தூரத்துக்கு மட்டும் 60. அந்த 60 போர்டு ஒரு சந்திப்புக்கு முன்னால் நிற்கிறது. நான் வந்ததோ அந்தச் சந்திப்பில் வந்து சேரும் கிளைச்சாலை வழியாக. ஆகவே முதல் போர்டு என் கண்ணில் பட வழியே இல்லை. சந்திப்பைத் தாண்டி இன்னொரு போர்டு உண்டு. அதன் மேல் மரக்கிளை சாய்ந்து இலைகள் மூடியிருந்தன. போனில் ஓடிய வழிகாட்டி ஆப் 80 என்று காட்டியது. ஸ்பீடோமீட்டர் முள்ளும் 80ஐ ஒட்டித்தான் நின்றது. நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது காட்டும் வரம்பு வரைபடத் தரவிலிருந்து வருவது. தரவு பழையதாக இருந்தால் வரம்பும் பழையதாகத்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார்களில் வேக வரம்பைக் கண்டறிந்து எச்சரிக்கும் வசதி கட்டாயம். அங்கேயும் பொறுப்பு ஓட்டுகிறவருடையதுதான். “ஆப் 80 காட்டியது” என்பதைச் சூழ்நிலை விளக்கமாகச் சொல்லலாம், தவறிலிருந்து தப்பிக்க அது உதவாது.

நோட்டீஸ் வந்த அன்று எனக்குக் கை காலெல்லாம் பதறியது. பல வருடங்களாக ஓட்டுகிறேன், ஒரு ஃபைன்கூட வந்ததில்லை. அன்று இரவே “வேக அபராதமா? ஒரு பைசா கட்டாதீர்கள்!” என்று பச்சை டிக் குறியோடு போனில் ஒரு விளம்பரம் வந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் அவ்வளவு இதமாகப் பேசினார்.

“அண்ணா, கவலையே படாதீங்க. நூத்துக்குத் தொண்ணூறு கேஸ் நாம ஜெயிக்கிறோம். நீங்க நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்புங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

போர்டு மறைந்திருந்ததைச் சொன்னேன். அவர் காதில் அது ஏறவே இல்லை. “அதெல்லாம் வேண்டாம்ணா. மெஷின் தப்புன்னு போட்டுருவோம்” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இல்லேன்னா ஒண்ணு செய்யலாம். வண்டிய ஓட்டினது வேற ஆள்னு குடுத்துடலாம். வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, பணத்தை அனுப்பினேன்.

யாராவது உங்களிடம் இதே யோசனையைச் சொன்னால் ஆஸ்திரேலியாவில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கஸ் ஐன்ஃபெல்ட் அங்கே கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2006ல் அவர் காருக்கு வந்த வேக அபராதம் வெறும் 77 ஆஸ்திரேலிய டாலர். ஓட்டியது தன் தோழி என்று நீதிமன்றத்தில் சொன்னார். அந்தப் பெண்மணி அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துவிட்டிருந்தார். பொய்ச்சத்தியம் செய்ததற்கும் நீதியின் போக்கைக் குலைத்ததற்கும் 2009ல் மூன்று வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. பிரிட்டனில் பின்னாளில் அமைச்சரான கிறிஸ் ஹ்யூன், 2003ல் தான் வேகமாக ஓட்டியதற்கான லைசென்ஸ் புள்ளிகளை (தவறு செய்தால் லைசென்ஸில் பதிவாகும் தண்டனைப் புள்ளிகள்) அப்போதைய மனைவி பேரில் ஏற்றவைத்தார். பத்து வருடம் கழித்து, 2013ல், அவர், மனைவி இருவருக்குமே ஆளுக்கு எட்டு மாதச் சிறை. வேகமாகப் போனதற்காக மட்டும் அவர்கள் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள். ஆளை மாற்றிச் சொன்னதுதான் அவர்களைச் சிறைக்குள் கொண்டுபோனது. இப்படியொரு வழியை அந்த ஏஜென்ட் சாதாரணமாக, டீ குடிக்கலாமா என்று கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

பணம் போன பிறகு பேச்சு குறைந்தது. “பிராசஸ்ல இருக்குண்ணா” என்று ஒரு வாரம். “ஃபைல் பண்ணியாச்சு” என்று இன்னொரு வாரம். அதன் பிறகு நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் வரவில்லை. ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு நோட்டீஸின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது. அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கெடு முடிந்து எட்டு நாள் கழித்து இரண்டாவது நோட்டீஸ் வந்தது, இரட்டைத் தொகையோடு.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நேரில் போனேன். என் பெயரில் வந்த மனுவைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கெடு முடிந்து மூன்று நாள் கழித்து அனுப்பப்பட்டிருந்தது. “காவலர் கையில் பிடித்திருந்த ரேடார் அசைந்திருக்கலாம், கோணப் பிழையால் வேகம் அதிகமாகப் பதிவாகியிருக்கலாம்” என்று இருந்தது. என்னைப் படம் பிடித்தது கம்பத்தில் பொருத்திய கேமரா. அங்கே காவலரும் இல்லை, கையில் பிடித்த ரேடாரும் இல்லை. எல்லாருக்கும் அனுப்புகிற ஒரே கடிதத்தில் என் வாகன எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அடியில் என் பெயர், நான் போடாத கையெழுத்து.

இன்னொன்றும் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ரேடார் தன்னை நோக்கி வரும் வேகத்தை மட்டும்தான் அளக்கிறது. கையில் பிடித்து அளக்கும்போது வண்டி வரும் திசையிலிருந்து கோணம் அகலமானால் உண்மையைவிடக் குறைவான வேகம்தான் பதிவாகும், அது ஓட்டுகிறவருக்குத்தான் சாதகம். அந்த மனு சொன்ன காரணம் அவர்கள் சொன்ன கருவிக்கே பொருந்தாது.

நோட்டீஸோடு வந்த இரண்டு படங்களை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். சாலையில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே வெள்ளைக் கோடுகள். இரண்டு படத்துக்கும் நடுவே அரை நொடி. முதல் படத்தில் என் முன்சக்கரம் ஒரு கோட்டின் மேல் நிற்கிறது. இரண்டாவதில் ஐந்து கோடு தாண்டி, ஆறாவதுக்குப் போகும் வழியில் பாதியை நெருங்கியிருக்கிறது. கிட்டத்தட்ட 10.8 மீட்டர். நொடிக்கு 21.6 மீட்டர், அதாவது மணிக்கு 78 கிலோமீட்டர். 60ல் போயிருந்தால் நாலு கோட்டைத் தாண்டிக் கொஞ்சம்தான் நகர்ந்திருப்பேன். முதல் நாளே ஒரு பேனாவை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், மெஷின் தப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தெரிந்திருக்கும். ஸ்பீடோமீட்டரும் இதற்கு ஒத்துப்போனது. பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39ன்படி, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். முள் 80ல், நிஜம் 78ல். சரியாகத்தான் இருந்தது. (கம்பெனி பொருத்தியதைவிடப் பெரிய டயர் மாட்டியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் வண்டி முள் காட்டுவதைவிட வேகமாகப் போகக்கூடும்.)

சரி, அப்படியென்றால் எனக்கு என்ன வாய்ப்பு இருந்தது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

“எனக்கு வரம்பு தெரியாது” என்பது பெரும்பாலான நாடுகளில் குற்றத்தை இல்லாமல் ஆக்காது. வேக மீறலுக்கு உள்நோக்கம் இருந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை, போனாயா இல்லையா என்பதுதான் கேள்வி. ஆனால் “நான் போர்டைக் கவனிக்கவில்லை” என்பது வேறு, “யார் வந்தாலும் பார்க்க முடியாதபடி போர்டு இருந்தது” என்பது வேறு. வரம்பை ஓட்டுகிறவருக்குத் தெரியும்படி அறிவிக்க வேண்டியது சாலையைப் பராமரிப்பவரின் கடமை. அதில் குறை இருந்தால் அதை எடுத்துச் சொல்லலாம், அதற்கு மதிப்பு உண்டு. முழுசாக ரத்தாகாவிட்டாலும், இதுவரை ஃபைனே வாங்காதவர், நேர்மையாக ஒப்புக்கொள்கிறார் என்பதைப் பார்த்துத் தொகையைக் குறைப்பதோ எச்சரித்து விடுவதோ பல இடங்களில் உண்டு. பிரிட்டன் மாதிரி நாடுகளில், மீறல் சிறியதாக இருந்தால் லைசென்ஸ் புள்ளிகளுக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அனுப்புவார்கள். மெஷின் தப்பு என்று என் பெயரில் ஒரு பொய் பதிவானதும் எனக்கு இருந்த இந்த வாய்ப்புகள் எல்லாம் போய்விட்டன.

அலுவலகத்திலிருந்து நேராக அந்த இடத்துக்குப் போனேன், போர்டைப் படம் எடுக்கலாம் என்று. கிளையை வெட்டியிருந்தார்கள். வெட்டிய இடம் இன்னும் வெளுப்பாக, ஈரம் காயாமல் இருந்தது. கீழே வாடிய இலைகள். 60 போர்டு பளிச்சென்று தெரிந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். நோட்டீஸ் வந்த மறுநாளே வந்திருந்தால், கிளைச்சாலையிலிருந்து திரும்பும் கணத்திலிருந்து ஓட்டுகிறவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை ஒரே வீடியோவில் எடுத்திருக்கலாம். டாஷ்கேம் (வண்டிக்குள்ளிருந்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா) வைத்திருப்பவர்கள் அந்த நாளின் பதிவை உடனே தனியாகச் சேமித்துவிடுங்கள். பெரும்பாலான டாஷ்கேமில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

நான் நிற்கும்போதே பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் கூட்டமாக, ஒருவர் பையை ஒருவர் இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். 60ல் வரும் வண்டி பிரேக் போட்டு நிற்கும் தூரத்தைவிட 78ல் வரும் வண்டிக்குக் கிட்டத்தட்ட 1.7 மடங்கு தூரம் வேண்டும். அங்கே 60 ஏன் என்று அப்போது எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்த போர்டு மறைந்து கிடந்தது என் ஃபைனைவிடப் பெரிய விஷயம். அதை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான். சொல்லவில்லை.

உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். கெடு எப்போது, யாருக்கு எழுத வேண்டும், சீக்கிரம் கட்டினால் சலுகை உண்டா, கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகுமா எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விதி நாட்டுக்கு நாடு மாறும். ஆட்சேபித்துத் தோற்றால் கூடுதலாகக் கட்ட வேண்டிய இடங்களும் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களைக் கேட்டு வாங்குங்கள். வண்டி உங்களுடையதுதானா, நேரம், இடம் சரியா என்று பாருங்கள். கருவியை எப்போது சோதித்தார்கள் என்று கேட்க வழியிருந்தால் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. எல்லாம் சரியாக இருந்தால், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எங்கிருந்து வந்தீர்கள், எந்த போர்டைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை, படம் இதோ. அவ்வளவுதான். வக்கீல் தேவைப்படும் அளவுக்குப் பெரிய வழக்கு என்றால் முறையாகப் பதிவு செய்த வக்கீலைப் பாருங்கள். பெயரும் முகவரியும் தராத, வெற்றிக்கு உத்தரவாதம் தருகிற, மனுவின் நகலைக் காட்ட மறுக்கிற ஆளிடம் நோட்டீஸைக்கூட அனுப்பாதீர்கள். அதில் உங்கள் வாகன எண்ணும் முகவரியும் இருக்கின்றன.

நான் இரட்டை அபராதத்தைக் கட்டிவிட்டேன். அந்த மனுவில் உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஏஜென்ட் மேல் போலீஸில் புகாரும் கொடுத்திருக்கிறேன். கிளைச்சாலையிலிருந்து திரும்பியதும் இன்னொரு 60 போர்டு வைக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு போட்டேன். இந்த முறை நானே எழுதினேன், ஒன்றரைப் பக்கம், மூன்று படங்களோடு. பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வந்திருக்கிறது. ஏஜென்டிடமிருந்து பணம் திரும்பி வரவில்லை. அவர் விளம்பரம் நேற்று இரவும் என் போனில் வந்தது, அதே பச்சை டிக் குறியோடு. எண் மட்டும் வேறு.