நெட்ஃபிளிக்ஸா, பிரைமா, சன் நெக்ஸ்டா: கொழும்புத் தமிழ் வீட்டுக்கு எது சரிவரும்?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாராவது புது டிவி வாங்கினால் அடுத்து வரும் கேள்வி, எந்த ஓடிடிக்கு, அதாவது இணையவழிப் படச் சேவைக்கு, காசு கட்டலாம் என்பதுதான். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் தான் கடைசியாக ரசித்த படம் எதில் வந்ததோ அதையே சொல்லிவிடுவார். அந்தப் படம் நன்றாக இருந்திருக்கலாம், ஆனால் சந்தா கட்டுவது ஒரு படத்துக்கு இல்லையே. இந்தியப் படங்களைப் பொறுத்தவரை எது அதிகம் ஓடுகிறது, எது தரமானது, எது நம் நாட்டில் கிடைக்கிறது என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மாதாமாதம் டொலர் போகிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க ஒன்றும் அகப்படுவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்குத்தான் காசு ஒதுக்க முடியும் என்றால் அமேசனின் பிரைம் வீடியோ. புது நட்சத்திரப் படங்களுக்கு இடைக்கிடை ஒரு மாதம் நெட்ஃபிளிக்ஸ். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சன் நெக்ஸ்டையும் யோசிக்கலாம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் இந்த 'டாப் 10' விஷயம். நெட்ஃபிளிக்ஸ் 2021 நவம்பரிலிருந்து நாடு வாரியாக வாராந்தப் பட்டியல் வெளியிடுகிறது. இலங்கைப் பட்டியலும் அதில் உண்டு, இந்தியப் படங்கள் அதில் அடிக்கடி தலைகாட்டும். ஆனால் நாட்டுப் பட்டியலில் வரிசை மட்டும்தான் இருக்கும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று இருக்காது. உலகப் பட்டியலில் எண் உண்டு. 2023 ஜூனிலிருந்து அதைக் கணக்கிடும் முறை இது: எல்லோரும் பார்த்த மொத்த மணித்தியாலங்களைப் படத்தின் நீளத்தால் வகுப்பார்கள். இரண்டு பேர் ஆளுக்குப் பாதிப் படம் பார்த்து அலுத்து நிறுத்தினாலும் கணக்கில் ஒரு 'பார்வை' விழுந்துவிடும். கடைசி வரை பார்த்தார்களா, பிடித்ததா என்பதையெல்லாம் அந்த எண் சொல்லாது. பிரைம் இந்த அளவுக்குக்கூடக் கணக்கு வெளியிடுவதில்லை. அதனால் "நெட்ஃபிளிக்ஸில் முதலிடம்" என்ற போஸ்டரைப் பார்த்துத் தரத்தை முடிவுசெய்யாதீர்கள்.

ஆர்ஆர்ஆர் இதற்கு நல்ல உதாரணம். 2022 மே மாதம் அது நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது வந்தது இந்தி டப்பிங். மூலமான தெலுங்கும், தமிழ், மலையாளம், கன்னடப் பதிப்புகளும் ஸீ5 என்ற இன்னொரு ஓடிடியில் இருந்தன. வெளிநாட்டு ரசிகர்கள் கொண்டாடி, பல வாரங்கள் உலகப் பட்டியலில் நிறுத்தியது அந்த இந்திப் பதிப்பைத்தான். அடுத்த வருடம் 'நாட்டு நாட்டு' ஒஸ்கார் வாங்கியது, தெலுங்குப் பாட்டுக்கு. நாம் வீட்டில் உட்கார்ந்து அதைத் தமிழில் பார்க்க வேண்டுமென்றால், பட்டியலில் இல்லாத சேவைக்குத்தான் போகவேண்டியிருந்தது. படம் ஒன்றுதான், ஆனால் எந்த மொழியில் எங்கே இருக்கிறது என்பதே தமிழ் வீட்டுக்கு முதல் தகவல்.

சரி, பிரைமுக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் வருவோம். இரண்டும் 2016-இல் இலங்கைக்கு வந்தவை. தமிழைப் பிரைம் முன்கூட்டியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கொரோனாக் காலத்தில் தியேட்டர்கள் மூடியிருந்தபோது, 2020 மே மாதம் பொன்மகள் வந்தாள் நேரடியாக அங்கே வெளியானது. அதே வருடம் நவம்பரில் சூரரைப் போற்று வந்தது. பிறகு 2021-இல் சார்பட்டா பரம்பரையும் ஜெய் பீமும். இவை தியேட்டர் கிடைக்காததால் தள்ளிவிடப்பட்ட படங்கள் அல்ல. சூரரைப் போற்று சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த நடிகை உட்பட ஐந்து தேசிய விருதுகளை வாங்கியது. வட சென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் அந்த அரங்கின் வியர்வையையும் சார்பட்டா காட்டிய விதத்தைப் பெரிய திரையில் பார்க்கக் கிடைக்கவில்லையே என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு. ஆனாலும் அந்த இரண்டு வருடங்களில் தமிழுக்கு நேரடியாகக் கிடைத்த நல்ல படங்களில் பெரும்பங்கு பிரைமில்தான் சேர்ந்தது. அதற்குப் பிறகும் ஜெயிலர், கூலி என்று ரஜினி படங்கள் தியேட்டரில் நான்கு வாரம் முடித்துவிட்டு அங்கேதான் வந்தன.

நெட்ஃபிளிக்ஸ் தமிழுக்குள் தடுமாறித்தான் நுழைந்தது. பாவக் கதைகள், நவரசா என்று பெரிய பெயர்களை ஒன்றாகக் கட்டிப் போட்ட தொகுப்புகளில் ஒன்றிரண்டு கதைகள் மனதில் நின்றன, மற்றவை நிற்கவில்லை. ஜகமே தந்திரம் ஆரவாரத்தோடு வந்து அடங்கியது. அங்கே எனக்குப் பொக்கிஷமாகப் படுவது மண்டேலா. ஒரு கிராமத்துச் சலூன்காரரின் ஒற்றை வாக்கை வைத்து ஊர் அரசியலைப் பிரித்து மேய்ந்த சின்னப் படம், வசனத்துக்குத் தேசிய விருதும் வாங்கியது. 2023-க்குப் பிறகு நெட்ஃபிளிக்ஸ் வேறு வழியைப் பிடித்தது. தானே தமிழ்ப் படம் எடுப்பதைவிட, தியேட்டரில் ஓடும் படங்களை வாங்குவதில் இறங்கியது. லியோ, அமரன், மெய்யழகன், மகாராஜா எல்லாம் அப்படிப் போனவைதான். 2024 ஜூன் 14 தியேட்டருக்கு வந்த மகாராஜா ஜூலை 12 நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. தமிழே தெரியாத நாடுகளிலும் அது பார்க்கப்பட்டது என்பதில் எனக்குப் பெருமைதான். காலத்தை முன்னும் பின்னும் மாற்றிப்போட்டுக் கடைசியில் முடிச்சவிழ்க்கும் அந்தத் திரைக்கதை, நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வீட்டுச் சூழலிலும் பிடியை விடவில்லை.

அதனால் என் கணக்கு இப்படி: இந்த மாதம் எல்லோரும் கதைக்கும் படம் நெட்ஃபிளிக்ஸில் இருக்க வாய்ப்பு அதிகம். அது முடிந்தபிறகு அடுத்த மூன்று வாரம் எதைப் பார்ப்பது என்றால் பிரைமில்தான் கைக்கு ஏதாவது படும்.

மலையாளப் படங்களையும் சேர்த்துக்கொண்டால் பிரைமின் பக்கம் இன்னும் கனக்கிறது. கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகள் இப்போது சப்டைட்டில் இல்லாமலே மலையாளம் பார்க்கின்றன. 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' கதையை இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய சேவைகள் வேண்டாம் என்று விட்ட பிறகு, 2021 ஜனவரியில் அது நீஸ்ட்ரீம் என்ற சின்ன மலையாளச் சேவையில் வெளியானது. பெண்கள் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லி, படம் பரவியது. சில மாதத்தில் பிரைம் அதை வாங்கியது. எது பிரபலமாகும் என்று கணிப்பதே தொழிலான இடங்கள் தவறவிட்டதை அடுப்படியில் நிற்பவர்கள் கண்டுபிடித்தார்கள்.

படத்தின் தரம் ஒரு பக்கம், திரையில் தெரியும் தரம் இன்னொரு பக்கம். நெட்ஃபிளிக்ஸின் மலிவான மொபைல் திட்டத்தில் படத்தின் தெளிவு 480பி தான், அது கைபேசிக்குச் சரி. டிவியில் பார்க்கிறவர்களுக்கு 1080பி தரும் ஸ்டாண்டர்ட் வேண்டும். எச்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை டேட்டா போகும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நம் படங்களோ இரண்டே முக்கால் மணித்தியாலம் ஓடுபவை. எச்டியில் ஒரு படத்துக்கே எட்டு ஜிபி. ஃபைபர் இல்லாமல் 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டுத் திட்டத்தைத் தெரிவுசெய்வது நல்லது. 43 அங்குல டிவிக்கு 4கே கட்டணம் கட்டுவது வீண் என்பது என் எண்ணம்.

படத்தைவிட ஒலிதான் எங்கள் வீட்டில் பிரச்சினை. தியேட்டரின் பல ஸ்பீக்கர்களுக்காகக் கலந்த 5.1 ஒலி டிவியின் சின்ன ஸ்பீக்கரில் வரும்போது சண்டைக்காட்சி காதைப் பிளக்கும், வசனம் முணுமுணுப்பாகப் போய்விடும். அம்மம்மா ரிமோட்டைக் கேட்பார், சத்தத்தைக் கூட்டுவார், அடுத்த நிமிடம் பாட்டு வந்து எல்லோரும் துள்ளி எழும்புவோம். டிவியின் ஒலி அமைப்பில் வசனத்தைத் தெளிவாக்கும் தெரிவு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், நிறைய வித்தியாசம் தெரியும். காது மந்தமானவர்களுக்குத் தமிழ் சப்டைட்டில் இருந்தால் எவ்வளவு நல்லது! பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு இரண்டு சேவைகளிலும் கிடைப்பது ஆங்கில வரிகள்தான். சிங்கள சப்டைட்டிலோடு ஒரு தமிழ்ப் படத்தை இவற்றில் நான் இதுவரை காணவில்லை. சிங்கள இளைஞர்கள் தமிழ்ப் படங்களுக்குத் தாங்களே சப்டைட்டில் எழுதிப் பகிரும் நாட்டில், இந்தப் பெரிய சேவைகள் அதைக் கவனிக்காமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

பழைய படங்களில் இருவரும் தோற்கிறார்கள். சிவாஜி, எம்ஜிஆர் காலத்தை விடுங்கள், எண்பதுகளின் படங்களே தேடினால் அரிதாகத்தான் அகப்படும். சன் நெக்ஸ்ட் வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் குறை கொஞ்சம் தீர்கிறது, சன் குழுமத்தின் சேமிப்பு பெரியது. ஆனால் பிரதிகள் பல பழைய டிவி ஒளிபரப்புக்காக எடுத்தவை. முகங்கள் மங்கலாக இருக்கும். யூடியூப்பில் உரிமைதாரர்களே இலவசமாகப் போட்டிருக்கும் படங்களும் நிறைய உண்டு, அங்கேயும் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கிய படம், மூலையில் பெரிய முத்திரை. நல்ல பிரதி கொடுத்தால் கூட்டம் வரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1964-இல் வந்த கர்ணனைச் செம்மைப்படுத்தி 2012-இல் திரையிட்டபோது தியேட்டர்கள் நிறைந்தன. 2024-இல் கில்லியை 4கேயில் மறுபடி வெளியிட்டபோதும் அதே கதைதான். இந்த உழைப்பை ஓடிடிகள் எங்கள் பழைய படங்களுக்குச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்புறம், நமக்குக் கிடைக்காதவை. சென்னையில் இருக்கும் சித்தி "ஹாட்ஸ்டாரில் பார், நல்ல படம்" என்பார். 2025 பெப்ரவரியில் ஜியோசினிமாவோடு இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆன அந்தச் சேவை இந்தியச் சந்தைக்கானது. இதில் எனக்கு உண்மையில் வலித்தது டூரிஸ்ட் ஃபேமிலி விஷயத்தில். பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து தமிழகம் போய், இலங்கையர் என்பதை அயலாருக்கு மறைத்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. 2025 ஜூனில் அது ஓடிடிக்கு வந்தது ஜியோஹாட்ஸ்டாரில். எங்களைப் பற்றிய படம், எங்களிடம் இல்லாத சேவையில்!

எங்கள் பேச்சைத் திரையில் எப்படிக் கேட்கிறோம் என்பதும் தரத்தின் ஒரு பகுதிதான். பிரைமில் வந்த தி ஃபேமிலி மேன் இரண்டாம் சீசனில் ஈழத்துப் பெண்ணாக சமந்தா நடித்திருந்தார். அதை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசே மத்திய அரசுக்கு எழுதியது. அரசியல் ஒரு புறம் இருக்கட்டும். தொழில்நுட்பத்தில் அவ்வளவு நேர்த்தியான ஒரு தொடரில் யாழ்ப்பாணத்து இழுப்பும் ஏற்ற இறக்கமும் மட்டும் ஒட்டாமல் நின்றதை எங்கள் காது உடனே பிடித்துவிட்டது. இந்தி பார்வையாளருக்கு அது தெரியாது, பட்டியலிலும் அது பதிவாகாது.

வாங்கிய படம் நிலைக்கும் என்றும் இல்லை. நயன்தாரா சமையற்கலைஞராக நடித்த அன்னபூரணி 2023 டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஜனவரியிலேயே காணாமல் போனது. பிடித்த படம் வந்தால் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுவதே நல்லது.

காசு விஷயத்தில் ஒன்று. கட்டணம் டொலரில் போகிறது. 2022-இல் ரூபா 200-இலிருந்து 350-ஐத் தாண்டியபோது, சேவை ஒன்றும் விலையைக் கூட்டாமலே நம் அட்டையில் கழிந்த தொகை ஏறியது. ஆகவே இந்தியப் படங்களுக்காக மட்டும் இரண்டு மூன்று சேவைகளைச் சேர்த்து ஓடவிட வேண்டிய தேவை இல்லை. பிரைமை வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய இரண்டு மூன்று படங்கள் நெட்ஃபிளிக்ஸில் சேர்ந்ததும் ஒரு மாதம் கட்டி, பார்த்து, நிறுத்துங்கள். நிறுத்த எந்தத் தடையும் இல்லை, கணக்கும் அப்படியே இருக்கும். காசு கட்டுவதற்கு முன், நீங்கள் தேடும் படம் இலங்கையில் இருக்கிறதா, தமிழ் ஒலியோடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சென்னை விளம்பரத்தை நம்பாதீர்கள்.

பாட்டும் ஆரவாரமுமாக வரும் பெரிய படங்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். சென்னையில் வெளியாகும் அதே நாளில் அவை கொழும்புக்கும் வந்துவிடுகின்றன. வெள்ளவத்தை சவோயிலோ தெஹிவளை கொன்கோர்ட்டிலோ முதல் வாரமே பார்த்துவிடுங்கள்.