லெவல் டிசைனர் வேலை: பெரிய ஸ்டூடியோவா, சின்ன டீமா?

வீடியோ கேமில் ஆட்டக்காரர் கடந்து போகும் ஒவ்வொரு கட்டமும் ஒரு லெவல்; அதை வடிவமைப்பவர்தான் லெவல் டிசைனர். பெரிய ஸ்டூடியோவில் உங்களுக்கு லெவல் மட்டும்தான். சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கி ஒரு கிடங்கைக் கட்டுவீர்கள். இந்த முதல் வரைவுக்கு கிரேபாக்ஸ் என்று பெயர். பதுங்கும் சுவர் இடுப்பளவா நெஞ்சளவா, கதவு எத்தனை அகலம் என்பதற்கெல்லாம் ஏற்கெனவே அளவு வகுத்திருப்பார்கள். பிறகு யாரையாவது விளையாடவிட்டு, எங்கே வழி தெரியாமல் முழிக்கிறார் என்று பார்த்துத் திருத்த வேண்டும். அழகுபடுத்துவது ஆர்ட்டிஸ்ட் பாடு. மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் வேலை நிரந்தரம் என்று நம்பிவிடாதீர்கள்: 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரைக் குறைத்தது.

சின்ன டீமில் லெவலோடு ஸ்கிரிப்டிங் (கதவு எப்போது திறக்கும் என்பது போன்றவற்றுக்குச் சின்ன நிரல் எழுதுவது), பக் எனும் பிழைகளைப் பார்ப்பது, சில சமயம் ட்ரெய்லர் வெட்டுவதுகூட உங்கள் தலையில்தான். பணம்? அது கேம் விற்றால்! ஆனால் கதாபாத்திரம் குதிக்கும் உயரத்தையே உங்கள் லெவலுக்கு ஏற்ப மாற்றச் சொல்லலாம். 2018இல் வந்த செலஸ்ட் என்ற தாவிக் குதிக்கும் கேம், நான்கு நாளில் செய்த ஒரு குட்டி கேமிலிருந்து வளர்ந்தது. அதில் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் குதிக்கவிடுவார்கள். அந்தச் சலுகையால்தான் அவ்வளவு கடினமான லெவல்களிலும் ஆட்டக்காரர் கோபித்துக்கொண்டு போவதில்லை.

புதியவருக்கு என் ஓட்டு பெரிய ஸ்டூடியோவுக்கே, கூட இருக்கும் சீனியர்களுக்காக. விண்ணப்பிக்கும்போது பத்து அரைகுறை லெவல் வேண்டாம். முடித்த ஒன்று போதும், கிரேபாக்ஸ் படங்களோடு.