வல்லாரை, நீர்ப்பிரமி: மூன்று வருஷம் சாப்பிட்ட அனுபவம்

காட்பாடியில் இருக்கிறேன், வயது 58. அம்மா கடைசி நாலு வருஷம் மறதி நோயோடு இருந்தார், பெற்ற பிள்ளை என்னையே "நீ யாரு வீட்டுப் பையன், சாப்பிட்டியா?" என்று கேட்பார். அந்தப் பயத்தில்தான் இதை ஆரம்பித்தேன்.

முதல் எட்டு மாதம் குழப்பத்திலேயே போனது. கடையில் 'பிரம்மி' என்று கேட்டால் வல்லாரையும் தருகிறார்கள், நீர்ப்பிரமியும் தருகிறார்கள், இரண்டும் வேறு வேறு செடி. வல்லாரை வட்ட இலையோடு தரையில் படரும். நீர்ப்பிரமிக்குச் சின்னச் சின்னத் தடித்த இலை, ஈரமான இடத்தில்தான் வளரும். ஞாபகசக்திக்காக மனிதர்களுக்குக் கொடுத்து அதிகம் சோதித்தது நீர்ப்பிரமியைத்தான், பெரும்பாலும் தினம் 300 மில்லிகிராம் சாரம், 12 வாரம். சில சோதனைகளில், படித்ததைக் கொஞ்ச நேரம் கழித்து நினைவுகூர்வது மேம்பட்டிருக்கிறது. ஆனால் மறதி நோயைத் தடுக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். புட்டியில் நீர்ப்பிரமியின் அறிவியல் பெயரான 'பாக்கோபா மொன்னியேரி' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நீர்ப்பிரமி மாத்திரையை முதலில் வெறும் வயிற்றில் போட்டேன், குமட்டலும் வயிற்றுப்போக்கும் ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டது. காலை கேழ்வரகுக் கூழுக்கு அப்புறம் போட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. மாத்திரை தொடங்கிய மூன்றாவது மாதத்திலிருந்து நேதாஜி மார்க்கெட்டுக்குச் சீட்டு இல்லாமல் போய் பத்துப் பன்னிரண்டு சாமான் வாங்கி வர முடிகிறது, முன்னே இரண்டு மூன்று விட்டுப்போகும். மாத்திரையாலா, அதே சமயம் தொடங்கிய காலை நடையாலா, ராத்திரி பத்துக்குள் தூங்குவதாலா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மஞ்சள் மாத்திரையும் ஆறு மாதம் போட்டேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின் உடம்பில் சரியாக ஏறாது, மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு ஏறும், இது 1998-லேயே வெளிவந்த ஆய்வு. அதே சேர்க்கை சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன், ரசத்தில் போடுகிற மஞ்சள் மிளகு போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் மஞ்சள் மாத்திரையைத் தொடவே கூடாது. எனக்கு பிரஷர் மாத்திரை உண்டு, அதை ஒரு நாளும் விட்டதில்லை.

இப்போது வாரம் இரண்டு நாள் வல்லாரைத் துவையல், பாட்டி சொன்னபடி புளி சேர்க்காமல். வல்லாரைத் தொட்டி குழாயடியில் இருக்கிறது, சித்திரை வெயிலில் மட்டும் உள்ளே நகர்த்த வேண்டும், இல்லையென்றால் இரண்டே நாளில் கருகிவிடும்.