‘குளூட்டன் ஃப்ரீ’ ராகி சேமியாவை நம்பி மூன்று மாதம் ஏமாந்த கதை

எடை குறைக்கவோ சர்க்கரைக்காகவோ கோதுமையை விட்டவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் வீட்டில் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய்) உள்ள ஒருவர் இருந்து, அவருக்காக வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சிறுதானிய மாவு, சேமியா, பொடி வகைகள் வாங்குகிறீர்கள் என்றால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஏழு வயதில்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் இரும்புச்சத்து டானிக்காக ஊற்றிக்கொண்டிருந்தோம். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை, உயரமும் கூடவில்லை. ‘உங்க வீட்ல எல்லாருமே குட்டைதானே’ என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். கடைசியில் ரத்தத்தில் டிடிஜி என்ற ஆன்டிபாடி பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோபி, சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மாத்திரை மருந்து எதுவும் கிடையாது. கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், மூன்றையும் ஆயுசுக்கும் தொடக்கூடாது, அதுதான் வைத்தியம்.

இட்லி, தோசை, சோறு சாப்பிடுகிற ஊரில் இது என்ன பெரிய கஷ்டம் என்று நானும் நினைத்தேன். பெருங்காயம் அந்த நினைப்பை உடைத்தது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பங்கு மாவும் கோந்தும்தான். பல டப்பாக்களில் அந்த மாவு மைதாவாகவோ கோதுமையாகவோ இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆக, வெளியே வாங்கும் சாம்பார் பொடி, ஊறுகாய், மிக்சர் எல்லாமே சந்தேகம். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கும் ஹெல்த் டிரிங்க் பலவற்றில் கோதுமையும் முளைகட்டிய பார்லியும்தான் முதல் சரக்கு. சோயா சாஸில்கூடக் கோதுமை உண்டு.

இப்படிப் படித்துப் படித்துக் கண் வலித்துப்போன நேரத்தில்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை. வீட்டிலேயே தயாரிப்பதாகச் சொல்லும் ஒரு பெண், மண்சட்டி, வாழையிலை, பாட்டி கைப்பக்குவம் என்று அழகான படங்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கோதுமைக் கதிரின் குறுக்கே கோடு போட்ட பச்சை ஸ்டிக்கர். வாங்குமுன் கேட்டேன், மகளுக்கு என்ன நோய் என்பதையும் சொன்னேன். வாய்ஸ் நோட் வந்தது: “நூறு பர்சென்ட் குளூட்டன் ஃப்ரீ சிஸ்டர், தைரியமா குடுங்க.”

ராகி சேமியா, கம்பு தோசை மிக்ஸ், சாம்பார் பொடி வாங்கினேன். மகள் இரண்டு வருடமாக சேமியா உப்புமாவையே பார்க்கவில்லை. அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டாள். சேமியா ஒட்டாமல், உடையாமல், நூல் நூலாக வந்தது. எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். ராகிக்கு இழுவை கிடையாது. வீட்டில் ராகி இடியாப்பம் பிழிகிறவள் நான். எடுக்கும்போதே பொலபொலவென்று உதிரும். அந்த இழுவையைக் கொடுப்பதே குளூட்டன்தான். ஆனால் பிள்ளை ஆசையாகச் சாப்பிடும்போது எந்த அம்மாவுக்குத் துப்பறியத் தோன்றும்? அதற்குப் பிறகு மாதாமாதம் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்கும் சிபாரிசு செய்தேன், அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

கோதுமை அலர்ஜி என்றால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே தடிப்போ வாந்தியோ வந்து காட்டிக்கொடுத்துவிடும். சீலியாக் அப்படி இல்லை. உள்ளே குடல் மெதுவாகப் புண்பட்டுக்கொண்டிருக்கும், வெளியே பல நாள் ஒன்றுமே தெரியாமல்கூட இருக்கலாம். விற்கிறவர்களுக்கு இது வசதி, ‘எங்க கஸ்டமர் யாருக்கும் ஒண்ணும் ஆகல’ என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது மாதம் மகளுக்கு வாய்ப்புண் வந்தது. அப்புறம் வயிறு உப்புசம், அடிக்கடி வெளிக்குப் போவது, சும்மாவே சிடுசிடுப்பு. ஸ்கூலில் யாரோ பிஸ்கட் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அத்தை ரகசியமாக எதையோ ஊட்டுகிறார் என்று சந்தேகப்பட்டு வார்த்தையும் விட்டுவிட்டேன். எழுபது வயது மனுஷி, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வழக்கமான பரிசோதனையில் டிடிஜி எகிறியிருந்தது. போன முறை கிட்டத்தட்ட நார்மலுக்கு வந்திருந்த அளவு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “புதுசா என்ன சேர்த்தீங்க?”

அன்று மாலையே அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். கோபப்படாமல், கதை கேட்பது போல, சேமியா எப்படி இவ்வளவு நன்றாக வருகிறது என்று கேட்டேன்.

“கொஞ்சம் சம்பா மாவு சேர்ப்போம் சிஸ்டர். இல்லாட்டி உடைஞ்சிடும்.”

“சம்பான்னா அரிசியா?”

“இல்ல சிஸ்டர், சம்பா கோதுமை. அது நாட்டுக் கோதுமை, அதுல குளூட்டன் கிடையாது. மைதாவுலதான் இருக்கும்.”

அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படி நம்புகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை. சம்பா கோதுமையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு. நாட்டு ரகம், இயற்கை விவசாயம், கல் இயந்திரத்தில் அரைத்தது, இதெல்லாம் நல்ல விஷயமாகவே இருக்கலாம். சீலியாக் உள்ள குடலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

கம்பு மிக்ஸில் கோதுமை சேர்ப்பதில்லையாம். ஆனால் தெருமுனை மாவு மில்லில் அரைக்கிறார்கள். “காலையில முதல் ஆளா போயி அரைச்சிடுவோம்” என்றார். முந்தின நாள் கடைசியாக யார் வீட்டுக் கோதுமை அரைத்தார்களோ, அது கல்லிலும் குழாயிலும் அப்படியே தங்கியிருக்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்தால், ஒரு கிலோ கம்பு மாவில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு விழுந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். மில் கல்லைத் தட்டினால் ஒரு கரண்டி விழும்.

சாம்பார் பொடியில் என்ன பெருங்காயம் என்று கேட்டேன். ‘நல்ல பிராண்ட்தான்’ என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பாக்கெட்டிலிருந்த 14 இலக்க லைசென்ஸ் எண்ணை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டுப் பார்த்தேன். வேறு ஊர் பேக்கரி ஒன்றின் பெயர் வந்தது. இதை வாங்குமுன் செய்திருந்தால் இரண்டு நிமிட வேலை. பிரிக்காத பாக்கெட், வாய்ஸ் நோட், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். வாய்ஸ் நோட்டை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது யார் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்றாலும் அந்த வார்த்தையைப் பற்றி நான் பேசுவதே இல்லை. எங்கே அரைக்கிறீர்கள், அதே மிஷினில் கோதுமை போடுவீர்களா, லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறேன். ரிப்போர்ட் என்றதும் பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. மாவுக்கு வீட்டிலேயே சின்ன மிஷின் வாங்கிவிட்டோம், அதில் கோதுமை ஒருநாளும் போனதில்லை. இன்னொன்று, உங்கள் பிள்ளைக்கும் சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் ரிப்போர்ட் நார்மல் என்று காட்டி ஏமாற்றிவிடும்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். “உன் ஃபோனை நம்புற, என்னை நம்ப மாட்டே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

புகார் போனது தெரிந்ததும் அந்தப் பெண் 640 ரூபாய் திருப்பி அனுப்பினார். சாம்பார் பொடிக்கு மட்டும் தரவில்லை. பாக்கெட்டைப் பிரித்துவிட்டேனாம்.