தங்கம் இருக்குனு லேப் ரிப்போர்ட் காட்டுனா உடனே பணம் போட்றாதீங்க

சுரங்க ப்ராஜெக்ட்ல பங்கு தர்றோம்னு யாராவது வந்தா தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. என் சேமிப்புல பெரும்பகுதி போயிருச்சு, அந்தக் கோபத்துலதான் எழுதுறேன்.

எங்களுக்குப் பங்கு வித்தவங்க காட்டுன ரிப்போர்ட் போலி இல்ல. நல்ல லேப், சீல், கையெழுத்து எல்லாம் சரி, டன்னுக்கு 14 கிராம் தங்கம்னு போட்டிருந்துச்சு. ஆனா லேப் தனக்கு வந்த பையில இருந்த கல்லைப் பத்தி மட்டும்தான் சொல்லும், அந்தக் கல்லு எங்க எடுத்தது, யார் எடுத்தது, நடுவுல யார் பையைத் திறந்தாங்க, எதுவும் அதுக்குத் தெரியாது. சந்தேகம் வந்து நாங்க சில பேர் சேர்ந்து வேற ஜியாலஜிஸ்ட்டை அனுப்புனோம். அவர் பாறைக்குக் குறுக்கால ஒரே அகலம் ஒரே ஆழத்துல வெட்டி சேனல் சாம்பிள் எடுத்தார், ஒரு கிராம்கூட தேறல. முன்னாடி லேப்புக்குப் போனதெல்லாம் பளபளனு இருந்த குவார்ட்ஸ்ங்கிற வெள்ளைக் கல்லுல கையால பொறுக்குனதுங்க!

தங்கம் பாறையில சீரா பரவி இருக்காது, ஒரே பையைப் பாதியாப் பிரிச்சு டெஸ்ட் பண்ணாலே ரெண்டு நம்பர் வரும், அதனால ஒத்த பெரிய நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நம்பர் சரியானு பார்க்க, அதே சாம்பிளோட இன்னொரு பங்கை டூப்ளிகேட்டா அனுப்புனீங்களா, தங்கமே இல்லாத பிளாங்க், தங்க அளவு முன்னாடியே தெரிஞ்ச ஸ்டாண்டர்டு இதெல்லாம் நடுநடுவுல சேர்த்தீங்களானு கேளுங்க. எங்ககிட்ட பணம் வாங்குனவங்க எதுவுமே சேர்க்கல.

ட்ரில் கோர், அதாவது துளை போட்டு எடுக்குற உருளைக் கல்லு, எடுத்திருந்தா லேப்புக்குப் போன பாதி போக மீதிப் பாதி எங்கனு கண்டிப்பா கேளுங்க, அதே கல்லை மறுபடி செக் பண்ண அதுதான் நேரடி வழி. ப்ரீ-எக்ஸ்னு ஒரு கனடா கம்பெனி இந்தோனேசியாவுல புசாங்னு ஒரு இடத்துல கோரைப் பாதி வைக்காம முழுசா அரைச்சாங்க, சாம்பிள்ல வெளித் தங்கத்தைக் கலந்திருந்தாங்க, 1997ல ஃப்ரீபோர்ட்ங்கிற வேற சுரங்கக் கம்பெனி பக்கத்துலயே துளை போட்டுப் பார்த்தப்பதான் வண்டவாளம் வெளிய வந்துச்சு, அதுக்குள்ள கோடிக்கணக்கான டாலர் அந்தக் கம்பெனிப் பங்குல ஏறியிருந்துச்சு. இவ்வளவு நடந்தும் அதே பழைய வேலையை இன்னும் சின்ன அளவுல பண்றாங்கனு நினைச்சா வயிறு எரியுது.

பணத்தைக் கேட்டா ஆய்வுன்னாலே ரிஸ்க்னு அக்ரிமென்ட்ல ஒரு வரியைக் காட்டுறாங்க. ரிஸ்க் வேற, பொறுக்குன கல்லைக் காட்டி ஏமாத்துறது வேற. வக்கீல்கிட்ட போயிருக்கோம். நீங்களும் இப்படிப் போட்டிருந்தா, ஒவ்வொரு சாம்பிளும் எடுத்த இடம், எடுத்த விதம், கைமாறுன விவரம் எல்லாத்தையும் இப்பவே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க, பிரச்சினை வெடிச்சப்புறம் ஒரு பேப்பர்கூட கிடைக்காது.